பூண்டு உரிக்கும் சத்தம்

எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே ஒரு வாசனை வந்து நம்மை விசாரிக்கும். சாம்பிராணி, நாய், பழைய சோபா, நேற்றைய மீன்குழம்பு என்று ஏதோ ஒன்று. அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால், "அப்படி ஒன்றும் இல்லையே" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மூக்கு சொந்த வீட்டைச் செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

என் விஷயத்தில் சிக்கல் மூக்கில் இல்லை, காதில். இருபத்து நான்கு வயது வரை அது எனக்குத் தெரியாது. தெரியவைத்தவர்கள், சென்னையில் ஒரு கல்லூரியில் டிஜிட்டல் மீடியா முதுகலைப் படிப்புக்கு ஆள் எடுக்க உட்கார்ந்திருந்த மூன்று பேர்.

எங்கள் ஊர் திருப்பூருக்குப் பக்கத்தில் சாமளாபுரம். எங்கள் வீடும் தறிக்குடோனும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. சுவருக்கு இந்தப் பக்கம் அம்மாவின் பீரோ. அந்தப் பக்கம் பதினாறு விசைத்தறிகள். அப்பா கூலிக்கு வெளுக்காத காடாத் துணி நெய்து கொடுப்பவர். ஷிப்டு மாறும்போதும் தறி நிற்காது. ஆள்தான் மாறுவார்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டிலை யாரும் ஆட்டவேண்டி இருந்ததில்லை, அதுவாகவே ஆடியது என்று அம்மா சொல்வார். (அம்மா மிகைப்படுத்துவார். ஆனால் பீரோ மேல் வைக்கும் சில்வர் டம்ளர் சாயங்காலத்துக்குள் ஒரு முழம் நகர்ந்திருக்கும் என்பதை நானே பார்த்திருக்கிறேன்.)

பட்டப்படிப்பு முடித்ததும் திருப்பூரில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் உதவி ஆசிரியர் ஆனேன். செய்தியாளர்கள் அனுப்புவதைத் திருத்துவது, தலைப்பு வைப்பது, பக்கத்தில் இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தியை வெட்டுவது. விசைத்தறிக் கூடங்களின் இரைச்சலால் தொழிலாளர்களின் செவித்திறன் குறைகிறது என்ற செய்தியை ஒருமுறை திருத்தி, உருக்கமான தலைப்பும் வைத்தேன். படித்துவிட்டு, பாவம், யாரோ எங்கேயோ கஷ்டப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன். அலுவலகத்தில் எனக்கு நாள் முழுக்கத் தலைவலி இருக்கும். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பினேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் போய்விடும். வீட்டுக் காற்றின் மகிமை என்று அதையும் நம்பினேன்.

பிறகு நிர்வாகம், இனி செய்தியை எழுதினால் மட்டும் போதாது, அதைப் போனைப் பார்த்துப் பேசி இணையத்தில் போட வேண்டும் என்றது. சாயப்பட்டறைகள் பற்றி மூன்று நிமிடம் பேசினேன். நிதானமாக, தெளிவாகப் பேசியதாகத்தான் எனக்கு ஞாபகம். கீழே வந்த முதல் கருத்து: "அக்கா எதுக்கு எங்களத் திட்டறாங்க?" இரண்டாவது கருத்து: "வால்யூம் குறைச்சும் திட்டறாங்க." இந்தத் துறையை முறையாகப் படித்துவிடுவது என்று அன்றுதான் முடிவெடுத்தேன்.

வீட்டில் சொன்னேன். அப்பா அப்போது குடோனிலிருந்து வந்து, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"டிஜிட்டலா? நம்ம சின்ன மாமன் யூனிட்ல வெச்சிருக்கறானே, பனியன்ல படம் அடிக்கற மெஷினு, அதா கண்ணு?"

"இல்லீங்ப்பா. அது பிரிண்டிங். இது மீடியா."

"அதுக்கு எதுக்கு ரெண்டு வருசம்? அவன்கிட்ட இருக்கற ஆபரேட்டரு ரெண்டே நாள்ல கத்துக்கிட்டான்."

"இது வேறீங்ப்பா. வீடியோ எடுக்கறது, சவுண்டு பதியறது, வெப்சைட்டு செய்யறது, இதெல்லாம் ஜனங்க எப்படிப் பாக்கறாங்கன்னு ஆராய்ச்சி பண்றது."

சோபாவில் போனைப் பார்த்தபடி படுத்திருந்த என் தம்பி கோகுலை அப்பா சற்று நேரம் கவனித்தார்.

"இவன் அதத்தான பண்ணீட்டு இருக்கறான். பீஸ் இல்லாம."

"என்னைய எதுக்கு இழுக்கறீங்க?" என்றான் கோகுல், கண்ணை எடுக்காமல்.

அந்தச் சமயத்தில் வெள்ளகோவிலிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தது. நூல் மில் வைத்திருப்பவர்கள். மாப்பிள்ளையின் போட்டோவும் வந்திருந்தது. காரில் சாய்ந்து நின்றிருந்தார். போட்டோவில் காரின் நம்பர் பிளேட் மட்டும் தெளிவாக இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை. ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் எனக்கு இன்னும் நிறைய இருந்தன, அதில் வெள்ளகோவில் முதலிடத்தில் இல்லை.

அப்பா தீர்ப்புச் சொன்னார். "ஒரு தடவ போட்டுப் பாரு. கெடைச்சா போ. கெடைக்காட்டி வெள்ளகோயில்காரங்கள வரச் சொல்லீருவேன். அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"மாற மாட்டனுங்ப்பா."

ஆக, என் வாழ்க்கை ஒரே விண்ணப்பத்தில் தொங்கியது.

விண்ணப்பத்தோடு இரண்டு நிமிட ஒலிப்பதிவு ஒன்று கேட்டிருந்தார்கள். 'உங்களைச் சுற்றியுள்ள ஓர் ஒலி.' அவ்வளவுதான் நிபந்தனை. பத்திரிகைக்காரியாக யோசித்தேன். மற்றவர்கள் என்ன அனுப்புவார்கள்? கோயில் மணி, பஸ் ஸ்டாண்டு, மழை, மீன் சந்தை. திருப்பூர்ப் பக்கத்திலிருந்து போடுகிற அத்தனை பேரும் தையல் மெஷினையோ தறியையோ அனுப்புவார்கள். திருப்பூர்க்காரி இயந்திரச் சத்தம் அனுப்புவது பழைய செய்தி. அந்தத் தவறை மட்டும் செய்யக்கூடாது என்று உறுதியாக இருந்தேன். (இந்த வாக்கியத்தை எழுதும்போதே எனக்குக் காது சூடாகிறது.)

நான் தேர்ந்தெடுத்த தலைப்பு: 'அமைதி'. மத்தியானச் சாப்பாடு முடிந்து, தம்பி தூங்கி, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத அந்த நேரத்தில், அம்மா ஊறுகாய்க்காகச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பூண்டு உரிப்பார். உலர்ந்த தோல் பிரியும் அந்தச் சின்னச் சரசரப்பு. அதைவிட மெல்லிய ஓர் ஒலி இந்த உலகத்தில் உண்டா?

அலுவலக நண்பர் ஒருவரிடம் நல்ல மைக் ஒன்றை இரவல் வாங்கிவந்து, அம்மாவின் விரல்களுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தேன்.

"பேசக்கூடாதுங்ம்மா. மூச்சுக்கூட மெதுவா உடுங்க."

"பூண்டு உரிக்கறதுக்கு எதுக்குடி மைக்கு? கல்யாண ஊட்டுல பாடறவங்களுக்கு வெக்கற மாதிரி."

"அமைதியப் பதியறனுங்ம்மா."

அம்மா அமைதியாக உரித்தார். இரண்டு நிமிடம். சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதை இங்கே வாசகர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். அன்று அது எங்கள் இருவர் நினைவிலும் இல்லை.

பதிவை ஹெட்போனில் கேட்டேன். வீட்டிலேயே, தறி ஓடும்போதே கேட்டேன். ஹெட்போனுக்குள் ஒரு தறிக்குடோன், வெளியே ஒரு தறிக்குடோன். என் மூளை இரண்டையும் பழகிய கையால் வழித்து ஓரமாக வைத்துவிட்டு, நடுவிலிருந்த பூண்டை மட்டும் என்னிடம் கொடுத்தது. மெய்சிலிர்த்தது. அப்பாவுக்குக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"சுத்தமா இருக்குது," என்றார். "பூண்டு மட்டுந்தான் கேக்குது."

கோகுலும் கேட்டான். "போரடிக்குதுக்கா" என்றான். தறியைப் பற்றி அவனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் நான்கு பேர், எட்டுக் காது.

அனுப்பினேன். சில வாரம் கழித்து, இணையவழி நேர்காணலுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. 'அமைதியான அறையில் அமர்ந்து பேசவும்' என்று கீழே ஒரு குறிப்பு. அதைப் படித்துச் சிரித்துக்கொண்டேன். அமைதி பற்றி எனக்கே பாடமா?

நேர்காணல் நாளன்று வீட்டில் நான் போட்ட சட்டங்கள் இவை: குக்கர் கூடாது. மிக்ஸி கூடாது. டிவியின் பிளக்கையே பிடுங்கியாயிற்று. காலிங்பெல்லைக் கோகுல் கழற்றினான். சீலிங் ஃபேன் லேசாகக் கிறீச்சிடும் என்பதால் அதையும் நிறுத்தி, சித்திரை வெயிலில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்தேன். கோழியைக் கூடையில் கவிழ்த்து எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். அப்பா தானாகவே போய், மூன்று வீடு தள்ளி ரேடியோ வைத்திருந்தவரிடம், "ஏனுங்க, பாப்பாவுக்கு இன்டர்வியூங்க. செத்த நேரம் அந்தச் சத்தத்தக் கொறைச்சுக்குங்க" என்று கேட்டுவிட்டு, பதினாறு தறி ஓடும் குடோனுக்குள் நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

இன்னொன்றும் செய்தேன். இணைய அழைப்புகளில் பின்னணிச் சத்தத்தை அந்தச் செயலியே வடிகட்டிவிடும். ஒலித்துறை ஆட்கள் அந்த வடிகட்டியை அணைத்துவிட்டு, ஒலியை உள்ளபடியே அனுப்புவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். நானும் விவரம் தெரிந்தவள் என்று காட்ட வேண்டாமா? (கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்வது என்பார்கள். நான் அதற்கு செட்டிங்ஸுக்குள் போய்த் தேடி டிக் அடித்தேன்.)

திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் துறைத் தலைவர், கண்ணாடி போட்ட அம்மையார். ஒரு பக்கம் ஒலிப்பாடம் நடத்தும் பேராசிரியர், காதில் பெரிய ஹெட்போன். மூன்றாமவர் வெளியிலிருந்து வந்த நிபுணர். அவர் மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு, எதற்கும் இதமாகத் தலையாட்டினார்.

வணக்கம் சொன்னேன். ஒலிப் பேராசிரியர் ஹெட்போனைச் சட்டென்று காதிலிருந்து விரல் அகலம் நகர்த்தினார்.

"நித்யா, அங்கே நல்ல மழை போலிருக்கிறதே," என்றார் தலைவர். "கொஞ்சம் விடட்டும். காத்திருக்கிறோம்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொடியில் துண்டு காய்ந்து அப்பளமாகியிருந்தது.

"மழை இல்லீங்க மேடம். நல்ல வெயிலுங்க."

"ஓ."

மூவரும் காத்திருந்தார்கள். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. நானும் மரியாதைக்குக் காத்திருந்தேன். இந்த நேரத்தில் அப்பா, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவோரம் வந்து எட்டிப் பார்த்து, மூன்று பேரையும் எண்ணிவிட்டுப் போனார்.

"பக்கத்தில் ஜெனரேட்டர் ஏதாவது?" என்றார் ஒலிப் பேராசிரியர்.

"இல்லீங்க சார். ரொம்ப அமைதியான இடமுங்க."

அவர் முகத்தில் ஒரு புன்னகை மெதுவாகப் படர்ந்தது. மற்ற இருவரையும் பார்த்துத் தலையசைத்தார். பிற்பாடுதான் அதன் பொருள் எனக்குப் புரிந்தது. அந்தப் பெண் நடிப்பிலிருந்து கொஞ்சமும் விலகாமல் பேசுகிறாள் என்று அவர் மெச்சிக்கொண்டிருந்தார்.

"உங்கள் 'அமைதி'யை மூன்று தடவை கேட்டோம். இரண்டு நிமிடமும் ஓர் ஆலையே இடிக்கிறது. அதற்கு மேல் கேட்டும் கேட்காமலும் ஓர் உராய்வு. அது என்ன?"

"அது பூண்டுங்க சார். எங்கம்மா உரிக்கறாங்க."

"பூண்டு," என்று அவர் மற்றவர்களிடம் சொன்னார். "பிரமாதம். அந்த இயந்திரம்?"

"எந்த இயந்திரமுங்க சார்?"

மூவரும் சிரித்தார்கள். தலையாட்டுபவர் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். அவர்கள் சிரித்தால் சிரிப்பது நேர்காணலின் அடிப்படை விதி என்பதால் நானும் சிரித்தேன்.

"பேரிரைச்சலுக்குள் வாழ்கிறவர்கள் அதையே அமைதி என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்கிறீர்கள். கூர்மையான கிண்டல். இது தற்செயலா, யோசித்துச் செய்ததா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பதிவில் தறி இருக்கிறது. இருப்பது மட்டுமல்ல, இருப்பதே தறிதான். என்னைக் கூப்பிட்டதே பூண்டுக்காக அல்ல. மனதில் வெள்ளகோவில் நம்பர் பிளேட் ஒருமுறை தெளிவாகத் தெரிந்து மறைந்தது.

"யோசிச்சு செஞ்சதுதானுங்க சார்," என்றேன்.

தொடங்கிவிட்டால் நிறுத்த முடிவதில்லை. முரண் என்றேன். ஒலியின் அரசியல் என்றேன். பூண்டு உழைக்கும் பெண்ணின் குறியீடு என்றேன். (அம்மாவிடம் இதைச் சொல்லியிருந்தால், "குறியீடாவது ஒண்ணாவது, கால் கிலோ ஊறுகாய்க்கு" என்றிருப்பார்.) நான் பேசியதை வேறு யாராவது எழுதி அனுப்பியிருந்தால் முழுப் பத்தியையும் சிவப்பு மையில் அடித்திருப்பேன். அவர்களோ குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படியானால், இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் இந்தச் சத்தமும் திட்டமிட்டதுதானா?" என்று தலைவர் கேட்டார்.

"எதுங்க மேடம்?"

"இதோ. இப்போது. இது."

எது என்று எனக்குத் தெரியவில்லை. மிக்ஸி இல்லை, ஃபேன் இல்லை, கோழி எதிர்வீட்டில். ஆனாலும் தயங்காமல் சொன்னேன்: "இது அந்தப் படைப்போட தொடர்ச்சிங்க மேடம்."

கரண்ட் போனது அந்த நொடியில்தான்.

மடிக்கணினியில் பேட்டரி இருந்தது. இணையம் போனிலிருந்து வந்தது. எனவே நேர்காணல் நிற்கவில்லை. நின்றவை பதினாறு தறிகள்.

தறி வீட்டில் பிறக்காதவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம். எங்களுக்குத் தறி ஓடுவது ஒரு சத்தமே அல்ல. நிற்பதுதான் சத்தம். உட்கார்ந்திருக்கும் தரையை யாரோ உருவிக்கொண்டதுபோல் இருக்கும். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, சென்னையில் உட்கார்ந்திருந்த மூன்று கல்வியாளர்களுக்கு முன்னால் கத்தினேன்:

"ஐயோ, என்ன சத்தம் அது?"

பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த கோகுல் எழுந்து ஓடிவந்து, "என்ன சத்தம்க்கா?" என்றான். சமையலறையிலிருந்து அம்மா, "ஏனுங்க, என்ன சத்தமுங்க?" என்றார். மேசையில் நான் இடித்ததில் மடிக்கணினி சாய்ந்து, கேமரா பீரோவையும் அதன்மேல் விளிம்புவரை வந்திருந்த டம்ளரையும் காட்டிக்கொண்டிருந்தது.

"எந்தச் சத்தம்?" என்றார் தலைவர். "இப்போதுதானே எல்லாம் நின்றது?"

நான் பதில் சொல்வதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சு கேட்டது. தறிக்குடோனில் வேலை செய்பவர்கள் தறியின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர்கள். தறி நின்றாலும் அவர்கள் குரல் இறங்கி வராது. எங்கள் குடோனில் பல வருடமாகத் தறி ஓட்டும் மயிலாத்தாக்காவும் அப்பாவும் ஒரே அறையில் நிற்பதுபோல் கேட்டார்கள்.

"ஏனுங்க, பாப்பாவுக்கு இன்டர்வியூன்னீங்களே. முடிஞ்சுருச்சுங்களா?"

"நடந்துட்டு இருக்குது. மூணு பேரு உக்காந்திருக்கறாங்க. அதுல ஒருத்தரு வாயே தொறக்க மாட்டீங்கறாரு. பூம்பூம் மாடாட்டம் தலையத் தலைய ஆட்டீட்டு இருக்கறாரு."

திரையில் தலையாட்டுபவரின் தலை, ஆட்டத்தின் நடுவில் நின்றது.

"கெடைச்சுருமுங்களா?"

"கெடைச்சே ஆகோணும் மயிலாத்தா. இல்லாட்டி வெள்ளகோயில்காரங்கள வரச் சொல்றன்னு வாய உட்டுட்டேன். இவ போயி அவங்க கல்யாணப் பத்திரிகையில பிழை பாப்பா. மாப்பிள்ளை பேசறதுல பிழை பாப்பா. மாமியா வெக்கற கோலத்துல பிழை பாப்பா. ஒரே மாசத்துல வண்டி வெச்சுக் கொண்டாந்து உட்டுருவாங்க. அதுக்கு மெட்ராசுக்கே போகட்டும்."

"புள்ளைய உட்டுட்டு இருப்பீங்களா?"

"இருந்துதான ஆகோணும். ஆஸ்டலுக்குப் பெட்டியே வாங்கீட்டேன். பாவு ரூம்ல வெச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லீறாத."

யாரிடமும் சொல்லக்கூடாத அந்தச் செய்தி சென்னை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. நான் கேமராவை நிமிர்த்தினேன். மூன்றாமவர் முதன்முறையாக மைக்கைத் திறந்தார்.

"என்னைத் தலையாட்டத்தான் கூப்பிட்டிருந்தார்கள்," என்றார். மறுபடி மூடிக்கொண்டார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஒலிப் பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல செய்தியாளர்கள் இப்படிப் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

"இயந்திரம் நின்றபோது, என்ன சத்தம் என்று கேட்டீர்கள்."

"ஆமாங்க சார்."

"அப்படியானால் யோசித்துச் செய்ததில்லை."

பத்திரிகையில் தவறு நேர்ந்தால் திருத்தம் போடுவோம். உள்பக்கம், அடியில், பொடி எழுத்தில். எனக்கு அன்று அந்த வசதி இல்லை.

"இல்லீங்க சார். அதுல தறி இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க. நான் நெசமாலுமே பூண்டத்தான் பதிஞ்சேன்."

வெள்ளகோவில், என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் கோலத்தில் பிழை பார்க்காமல் இருக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

"உட்காருங்கள்," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, அடக்க முடியாத ஆவல்தான் இருந்தது. "தறி மறுபடி ஓடுவதற்குள் சொல்லுங்கள். இப்போது உங்களுக்கு என்ன கேட்கிறது?"

உட்கார்ந்தேன். கேட்டேன்.

இருபத்து நான்கு வருடம் குடியிருந்த வீடு. எங்கள் சுவர்க்கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. புழக்கடைக் குழாய் சொட்டுகிறது. அம்மாவின் வளையல்களில் ஒன்று மற்றவற்றோடு சேராமல் தனியாகத் தட்டுகிறது. கோகுலுக்கு மூக்கடைப்பு. எதிர்வீட்டில் கூடைக்குள் எங்கள் கோழி கண்டனம் தெரிவித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல, அறையில் இருப்பதிலேயே பெரிய சத்தம் எது என்றும் தெரிந்தது.

"சார்," என்றேன். "நான் கத்திப் பேசறனுங்களா?"

"தொடக்கத்திலிருந்தே," என்றார் தலைவர் கனிவாக.

கரண்ட் வந்தது. தறிகள் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்குவதில்லை. மயிலாத்தாக்கா ஒவ்வொன்றாகப் போய்க் கைப்பிடியை இழுத்துவிட வேண்டும். முதல் தறி தனியாக அடித்தது. இரண்டாவது அதோடு ஒட்டாமல் குறுக்கே விழுந்தது. மூன்றாவதில் ஒரு நொண்டல் இருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக ஏற ஏற, இத்தனை நாள் ஒரே சுவராக இருந்தது பதினாறு செங்கல்லாகத் தெரிந்தது. எவ்வளவு பயங்கரமான சத்தம். இதற்குள்ளா நான் பத்தாம் வகுப்புக் கணக்குப் போட்டேன்?

"சார், இப்பக் கேக்குதுங்க," என்றேன்.

"எங்களுக்கும்தான்," என்று அவர் ஹெட்போனை மறுபடி விரல் அகலம் நகர்த்தினார்.

முடிவை மின்னஞ்சலில் சொல்கிறோம் என்று தலைவர் விடைகொடுத்தார். நான் நேராகக் குடோனுக்குப் போனேன்.

"எல்லாம் கேட்டுருச்சுங்ப்பா."

"என்னது?" என்று காதைக் காட்டினார்.

"நீங்க பேசுனது. மெட்ராசுக்கே கேட்டுருச்சுங்க. அவரப் பூம்பூம் மாடுன்னு சொன்னதுங்கூட."

"அந்தாளு கோவிச்சுக்கிட்டாரா?"

"இல்லீங்ப்பா. பெட்டி எங்கீங்?"

பாவு நூல் உருளைகள் வைக்கும் அறையைக் கையால் காட்டிவிட்டு, ஓடாத ஒரு தறியைச் சரிபார்க்கக் குனிந்துகொண்டார். பெட்டி பச்சை நிறம். பஞ்சு படியாமலிருக்க அதைக் காடாத் துணியில் சுற்றி, தைத்தே வைத்திருந்தார். மூன்றாவது தறி நொண்டுகிறது என்று வெளியே வரும்போது சொன்னேன். "அது நீ பள்ளிக்கூடம் போறப்ப இருந்தே அப்படித்தான்," என்றார். "இன்னிக்குத்தான் கேட்டுச்சாக்கும்."

இடம் கிடைத்தது. பட்டியலில் கடைசிக்கு முந்தைய பெயர் என்னுடையது. வெள்ளகோவில் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிவாகி, எங்களுக்கும் பத்திரிகை வந்தது. இரண்டு முறை படித்தேன். ஒரு பிழையும் இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஹாஸ்டலில் முதல் சில வாரம் நான் தூங்கவில்லை. யாரோ விழித்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பதுபோல் அந்த அறை அவ்வளவு நிசப்தமாக இருந்தது. கோகுல் தறிச் சத்தத்தை மணிக்கணக்கில் பதிந்து அனுப்பினான். அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினேன். உடனிருந்த தோழி அறையை மாற்றிக்கொண்டாள். ஒலிப் பேராசிரியர் இன்றும் புதிதாக வரும் மாணவர்களுக்கு 'அமைதி'யைப் போட்டுக்காட்டி, என்ன கேட்கிறது என்று கேட்கிறாராம். ஆலை, ரயில், மழை, போர் என்றெல்லாம் சொல்வார்களாம். பூண்டு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

வீட்டில் சொல்கிறார்கள். போனில் பேசும்போது யாராவது, "அங்க என்னங்க அவ்வளவு சத்தம்?" என்று கேட்டால், அப்பா முதல் மயிலாத்தாக்கா வரை எங்கள் வீட்டில் ஒரே பதில்தான்: "பூண்டு உரிக்கறோமுங்க." வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நூல் வியாபாரி ஒருவர் எங்களுக்கு ஊறுகாய்த் தொழிலும் இருப்பதாக நம்பி, உரித்த பூண்டு இரண்டு கிலோ கேட்டிருந்தார். அம்மா கொடுத்தனுப்பினார்.

படிப்பு முடிந்து சென்னையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். போன வாரம் அங்கிருந்து வீட்டுக்குப் பேசினேன். அம்மாதான் எடுத்தார். நான் இப்போதெல்லாம் மெதுவாகத்தான் பேசுகிறேன். (அலுவலகத்தில் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.) பின்னணியில் ஒன்றுமே இல்லை.

"என்னங்ம்மா, பூண்டு உரிக்கலீங்களா?"

"இன்னிக்குக் கரண்ட் இல்ல சாமி. ஷட்டவுனு. தறி நின்னுருச்சு. அதனால நெசமாலுமே பூண்டுதான் உரிச்சுட்டு இருக்கறேன்."

"போனப் பக்கத்துல வையுங்ம்மா."

வைத்தார். காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். உலர்ந்த தோல் பிரியும் சரசரப்பு. சேராத ஒற்றை வளையல். நான் அன்று பதிவு செய்துவிட்டதாக நம்பிய அதே ஒலி, எந்தக் குறையும் இல்லாமல், இத்தனை வருடம் கழித்து வந்து சேர்ந்தது.

கொஞ்ச நேரம்தான். அதற்குள் வெளித் திண்ணையிலிருந்து, பதினாறு தறிக்கு மேல் பேசிப் பழகிய அப்பாவின் குரல்:

"ஏம்புள்ள, உள்ள என்ன சத்தம் அது?"